ஐயமும் உரைகல்லும்: சிலப்பதிகாரப் பொற்கொல்லனும் சிறு பட்டறைத் தொழிலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கிய வரலாற்றில் மிகுதியாக அறியப்பட்ட பொற்கொல்லன் சிலப்பதிகாரத்தில் வரும் பெயரில்லாத அரண்மனைக் கொல்லன். அவனுடைய வஞ்சகம் அத்தொழிலின் இயல்பாகவே பழமொழிகளிலும் பொதுப்பேச்சிலும் நிலைபெற்றது. காப்பியத்தின் பனுவல் இப்பொதுமைப்படுத்தலுக்கு இடம் தருகிறதா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. சிலம்பு எவராலும் சோதிக்கப்படாமையே கோவலன் கொலைக்கு வழிவகுத்தது என்பதும், பாண்டியன் தன்மேல் ஏற்றுக்கொண்ட பழி அவனுக்குப்பின் ஒரு தொழிற்குழுவின்மேல் சுமத்தப்பட்டது என்பதும் இங்குக் காட்டப்படுகின்றன. திருச்சிராப்பள்ளி கே.கே. நகர் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் தனித்து இயங்கும் சிறு பட்டறைக் கடையின் தொழில்முறை, சேதாரம், தர முத்திரைச் சட்டம் ஆகியவற்றோடு இவ்வாசிப்பு இணைத்து நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பொற்கொல்லர், சிலப்பதிகாரம், ஐயம், உரைகல், மாற்று, சேதாரம், தர முத்திரை, திருச்சிராப்பள்ளி.

முன்னுரை

தச்சர், கொல்லர், கன்னார், சிற்பியர், பொற்கொல்லர் என்னும் ஐந்தொழிற் கம்மாளருள் பொற்கொல்லர் ஒருவரே பிறர் உடைமையைத் தம் கையில் உருமாற்றித் திருப்பித் தருபவர். மரமும் இரும்பும் தொழிலாளியிடம் சில நாள் தங்கினாலும் அவற்றின் உரிமையாளர் அஞ்சுவதில்லை. பொன் அவ்வாறன்று. சிறு துகளுக்கும் விலை உண்டு. உருகிய பின் பழைய வடிவம் அடையாளமின்றி மறைகிறது. கலப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலால் இத்தொழிலோடு ஐயமும் உடன்பிறந்தது எனலாம்.

ஐயம் தொழிலின் பொருளியல் அமைப்பிலிருந்து பிறப்பது. வஞ்சம் தனிமனிதச் செயல். தமிழ்ச் சமூகம் இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதிவந்துள்ளது. 'தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்' என்னும் பழமொழி இதற்குச் சான்று. இப்பழமொழிக்கு இலக்கியச் சான்றாகச் சிலப்பதிகாரக் கொல்லன் எடுத்துக்காட்டப்படுவது வகுப்பறைகளிலும் மேடைகளிலும் வழக்கம். காப்பியத்தை நெருங்கிப் படிக்கும்போது அச்சான்று எந்த அளவுக்கு நிற்கிறது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. அக்கொல்லனைக் குற்றமற்றவனாகக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அவனே எனக் காப்பியம் ஐயத்திற்கிடமின்றிக் கூறுகிறது. ஆராயத்தக்கது, அவன் குற்றம் அவன் தொழிலின் குற்றமாக மாறிய முறையே.

1. அரண்மனைக் கொல்லனும் பட்டறைக் கொல்லனும்

கொலைக்களக் காதையில் கோவலன் கடைத்தெருவில் எதிர்கொள்ளும் கொல்லன், நுண்தொழில் வல்ல நூறு கொல்லர் பின்தொடர, சட்டையணிந்து, கையில் கோலேந்தி வருகிறான். இந்தத் தோற்றம் உழைப்பாளியின் தோற்றமன்று, பதவியின் தோற்றம். அவனை உலைமுன் அமர்ந்தவனாகக் காப்பியம் எவ்விடத்தும் காட்டவில்லை. அரசர்க்கு முடி முதலியன செய்பவன் என்றே அவன் தன்னைப் பணிவுடன் அறிமுகம் செய்துகொள்கிறான். கோவலனும் அரசியின் காலுக்கு ஏற்ற சிலம்பை விலையிடுவதற்கு உரியவனாக அவனைக் கருதுவது அந்த அரண்மனைச் சார்பு கருதியே.

ஆகவே காப்பியத்தில் வஞ்சம் செய்பவன் தனித்தொழில் செய்யும் தட்டான் அல்லன். அதிகாரத்தின் அருகிலிருந்து அதன் காதை எளிதில் எட்டக்கூடிய ஒரு தலைவன். அவன் கையிலுள்ள கொலைக்கருவி தொழிற்கருவிகளுள் எதுவுமன்று. மன்னனிடம் தடையின்றிப் பேசும் உரிமையே அது. பின்னால் வந்த நூறு கொல்லருக்கு அந்த உரிமை இல்லை. அவர்கள் ஒரு சொல்லும் பேசாமல் காட்சியிலிருந்து மறைகின்றனர். பிற்காலத்தில் பழி சுமந்தவர்கள் இந்த நூற்றுவரின் வழிவந்தோரே என்பது நினைக்கத்தக்கது.

சங்கத் தொகை நூல்களில் வேறொரு நிலை காணப்படுகிறது. தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் முதலிய புலவர் பெயர்கள் தொழிற்பெயரை மதிப்புடன் ஏந்தி நிற்கின்றன. பொன்தொழிலும் புலமையும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதைத் தொகுத்தோர் இயல்பாகவே கொண்டனர். மதுரைக்காஞ்சி மதுரைத் தொழிலாளரைக் கூறுமிடத்து அணிகலன் செய்வோரையும் பொன்னை உரைத்து மாற்றுக் காண்போரையும் வெவ்வேறாகச் சுட்டுகிறது. செய்பவன் ஒருவன், சோதிப்பவன் வேறொருவன் என்னும் இப்பிரிவு, ஐயத்தைத் தீர்க்க நகர்ச் சமூகம் கண்ட பழைய ஏற்பாடு என்று கொள்ளலாம். இப்பிரிவு சிலப்பதிகாரத்தின் முதன்மை நிகழ்வில் இல்லை. மதிப்பிடுபவனும் குற்றம் சாட்டுபவனும் சான்று கூறுபவனும் ஒருவனே.

2. சோதிக்கப்படாத சிலம்பு

ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் பொற்கடை வீதியைக் காண்கிறான். சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னையும் வாங்குவோர் மயங்காதவாறு கொடிகளால் வேறுபடுத்தி வணிகர் விற்கின்றனர். பொன்னின் தரத்தைப் பொதுவில் அறிவிக்கும் ஒழுங்கு மதுரையில் இருந்தது என்பதைக் காப்பியமே முன்னதாகப் பதிவுசெய்துவிடுகிறது. ஆயினும் அந்த ஒழுங்கு வணிகரின் சரக்குக்கு உரியது. அயலூரிலிருந்து வந்த ஒருவன் கையிலுள்ள ஒற்றைச் சிலம்புக்கு எந்தக் கொடியும் இல்லை.

கோவலன் சிலம்பைப் பொதி அவிழ்த்துக் காட்டும்போது கொல்லன் அதன் வேலைப்பாட்டைக் கூர்ந்து பார்க்கிறான். மணியும் வயிரமும் பதிந்த கேவணங்கள், பசும்பொன், குடைந்த உட்பகுதி என அச்சிலம்பின் செய்முறை இவ்விடத்திலேயே விரித்துரைக்கப்படுகிறது. தொழில் தெரிந்தவனின் கண்வழியாகவே அச்சிலம்பு முழுமையாகப் படிப்பவர்க்குக் காட்டப்படுகிறது. ஆனால் புறத்தை நுணுகிப் பார்த்த அவன் அகத்திலுள்ள பரலைப் பார்க்கவில்லை. உள்ளிருப்பது முத்தா, மாணிக்கமா என்பதே வழக்கின் முடிவாக அமையப்போகிறது. கவர்ந்த சிலம்பின் பரல் எது என்பதை அறிந்திருக்க வேண்டியவனும் அவனே. அவன் வஞ்சம் தொழிலறிவின் துணையால் நிகழ்ந்ததன்று; தொழிலறிவை ஒதுக்கிவைத்ததால் நிகழ்ந்தது.

அடுத்து மன்னன். ஊடிய அரசியைத் தணிவிக்கச் செல்லும் வழியில் அவன் குற்றச்சாட்டைக் கேட்கிறான். சிலம்பைக் கொண்டுவரச் செய்து ஒப்பிட வேண்டும் என்னும் எண்ணமே அவனுக்குத் தோன்றவில்லை. அரசியின் சிலம்பு முத்துப்பரல் உடையது என்பதை அவன் அறிவான். வழக்குரை காதையில் அதை அவனே கூறுகிறான். அறிந்த ஒன்றைக் கொண்டு சோதிக்காமல் காவலரை ஏவியதே அவன் பிழை. காவலர், கோவலனின் தோற்றம் கள்வனுடையதன்று என மறுத்துக் கூறுகின்றனர். கள்வர் கையாளும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எண்வகைத் துணைகளைப் பட்டியலிட்டுக் கொல்லன் அவ்வையத்தை அடக்குகிறான். பொருளைப் பற்றிய வாதம் ஆளைப் பற்றிய வாதமாக மாறிவிடுகிறது. இறுதியில் கல்வியறிவில்லாத கள்ளுண்ட காவலன் ஒருவன் வாளோச்சுகிறான்.

சோதனை நிகழ்வது கொலைக்குப் பின்னரே. அதுவும் சிலம்பை உடைத்து. பொன்தொழிலில் சோதனை என்பது பொருளுக்குச் சிறிதளவே சேதம் விளைக்கும் வகையில் அமைந்தது. உரைகல்லில் ஒரு கோடு, அதனருகில் மாற்று அறிந்த பொன்னின் கோடு, இரண்டின் நிறவேறுபாட்டைக் காணும் பயின்ற கண் என்பதே அம்முறை. திருக்குறள் 505ஆம் பாட்டில் மாந்தரின் பெருமை சிறுமைகளை அறிவதற்குக் கட்டளைக்கல்லை உவமையாக்கியதும், அது தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தில் இடம்பெற்றதும் கருதத்தக்கன. பாண்டியன் அவையில் கட்டளைக்கல் இல்லை. அதனால் உடைத்தல் ஒன்றே எஞ்சியது.

3. கள்வன் என்னும் சொல் பெற்ற இடமாற்றம்

மாணிக்கப் பரலைக் கண்ட பாண்டியன், பொன்தொழில் செய்வோன் ஒருவன் சொல்லைக் கேட்டுத் தீர்ப்பளித்த தான் அரசன் அல்லன், தானே கள்வன் என்று கூறி உயிர்விடுகிறான். இது காப்பியம் தரும் தீர்ப்பு. கொல்லனைக் காப்பியம் விடுவிக்கவில்லை. ஆயினும் கள்வன் என்னும் சொல்லை இறுதியாக ஏற்பவன் அரசனே. அறம் தவறிய அரசியலுக்கு அறமே கூற்றாகும் என்னும் காப்பிய நோக்கத்திற்கு இத்தீர்ப்பே பொருந்துவது.

இச்சொல் பின்னர் இடம்மாறுகிறது. பாண்டிய நாட்டில் மழையின்மையும் நோயும் பரவ, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகிக்கு வேள்வி செய்ததாக உரைபெறு கட்டுரை கூறுகிறது. நீர்ப்படைக் காதையில் மாடலன் இச்செய்தியைச் செங்குட்டுவனிடம் தெரிவிக்கிறான். பாண்டியன் தன்மேல் ஏற்ற பழியை அவனுக்குப்பின் வந்தவன் ஒரு தொழிற்குழுவின்மேல் இறக்கிவைக்கிறான் என்றே இந்நிகழ்ச்சியை வாசிக்க வேண்டும். வாளோச்சிய காவலனுக்கும் அவனைப் போன்றோருக்கும் என்ன நேர்ந்தது என்பது பேசப்படவில்லை. ஆயிரவர் என்னும் எண்ணில் எவருக்கும் பெயர் இல்லை. இவர்களுள் எவரும் சிலம்பைத் தொட்டதில்லை.

இந்நிகழ்ச்சியை ஊழ்வினையின் தொடர்ச்சியாகக் கொண்டு அமைதி கூறலாம். கோவலனின் முற்பிறவிச் செயலை மதுராபதித் தெய்வம் கட்டுரை காதையில் விளக்குவதும் அவ்வமைதிக்கு இடந்தருகிறது. ஆயினும் ஊழ் கோவலனின் இறப்பிற்கே காரணமாகச் சொல்லப்படுகிறது; ஆயிரவரின் இறப்பிற்கு அவர்களுடைய எந்த முன்வினையும் சொல்லப்படவில்லை. காப்பியத்தில் இறந்தோர் பலருடைய இறப்புக்கும் விளக்கம் உண்டு. இவர்களுடைய இறப்பிற்கு மட்டும் விளக்கமாக நிற்பது தொழில். இந்த இடைவெளியை உரைமரபும் திறனாய்வு மரபும் போதிய அளவு வினவியதில்லை.

வாய்மொழியிலும் நாடகத்திலும் வழங்கிய கோவலன் கதைகள் கொல்லனுக்கு வஞ்சிப்பத்தன் என்று பெயரிட்டன. பத்தன் என்பது பொற்கொல்லர்க்கு வழங்கும் பட்டம். வஞ்சம் அப்பட்டத்தின் அடையாகவே அமைந்துவிடுகிறது. காப்பியம் பெயரிடாமல் விட்ட ஒருவனை மக்கள் வழக்கு பெயரிட்டபோது தனிமனிதன் பெயரும் தொழிற்குழுவின் பெயரும் பிரிக்க முடியாதவை ஆயின.

4. சிறு பட்டறையின் நாள்முறை

இவ்வையத்தின் பொருளியல் அடிப்படையைப் பட்டறையில்தான் காணமுடியும். திருச்சிராப்பள்ளியின் பழைய நகை வணிகம் மலைக்கோட்டையை ஒட்டிய பெரிய கடைவீதி, சின்னக்கடை வீதி வட்டாரத்தில் செறிந்தது. நகரம் தெற்கே விமானநிலையத் திசையில் விரிந்தபோது உருவான குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று கே.கே. நகர். இத்தகைய பகுதியில் தனித்து இயங்கும் பொற்கொல்லர் கடை என்பது பெரும்பாலும் ஒரே அறை. முன்புறம் கண்ணாடிப் பெட்டி, தராசு. பின்புறம் பட்டறைப் பலகை, உலை. விற்பனைக்கான சரக்கு சிறிது, கைவேலையே முதன்மை.

வேலைகளும் சிறியன. அறுந்த சங்கிலியைப் பற்றவைத்தல், மோதிரத்தின் அளவைக் கூட்டுதல் குறைத்தல், தோட்டிற்குத் திருகாணி அமைத்தல், காது குத்துதல், மூக்குத்திக்குக் கல் வைத்தல், தாலிக்குண்டு கோத்தல், கொலுசுக்கு மெருகேற்றல் ஆகியன நாள்தோறும் வருபவை. தை முதல் முகூர்த்த மாதங்களில் புதுவேலை கூடும், ஆடியில் குறையும். உலை, ஊதுகுழல், குகை, கம்பியச்சு, சாமணம், கொறடு, அரம், வெங்காரம் என்னும் பழைய கருவிகளோடும் பொருள்களோடும் எரிவாயு விளக்கும் மின்னணுத் தராசும் சேர்ந்துள்ளன.

இந்த அறையின் ஒழுங்கு முழுவதும் துகளைச் சுற்றியே அமைகிறது. அரத்தூள் கீழே சிதறாதிருக்கப் பலகையின் அடியில் இழுப்பறையோ மடித்துணியோ இருக்கும். கைகழுவிய நீர் தனியே தேங்கவிடப்படும். தரையைப் பெருக்கிய குப்பை எறியப்படுவதில்லை. சேர்த்துவைத்து, அதை அரித்துப் பொன் பிரிப்போரிடம் விற்கப்படும். பட்டறை மண் என்பதும் ஒரு சரக்கு. புறத்தார்க்கு இது கஞ்சத்தனமாகவோ கள்ளமாகவோ தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தால் அதன் காரணம் விளங்கும். 2025 ஏப்ரலில் 8 கிராம் கொண்ட ஒரு சவரன் ஆபரணத் தங்கத்தின் விலை 70,000 ரூபாயைக் கடந்தது. அவ்விலையில் 1 மில்லிகிராமின் மதிப்பு ஏறத்தாழ 9 ரூபாய். அரம் போடும்போது 100 மில்லிகிராம் சிதறினால் இழப்பு 900 ரூபாயை நெருங்கும். சங்கிலி பற்றவைக்கும் கூலியில் அவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது.

ஐயம் இருதரப்பிலும் உண்டு என்பதை இந்நாள்முறை காட்டுகிறது. வாடிக்கையாளர் முன்னிலையிலேயே எடைபோட்டு, சீட்டில் எழுதி, வேலை முடிந்தபின் மீண்டும் எடைபோட்டுக் காட்டுவது வழக்கம். பழைய நகையை உருக்கும்போது உரிமையாளர் உலையருகே அமர்ந்திருப்பார். அவருடைய ஐயத்தைத் தீர்க்கும் இம்முறையே பொற்கொல்லருக்கும் காப்பு. எடை குறைந்ததாகப் பின்னர் வரக்கூடிய குற்றச்சாட்டு அவரைத் தெருவிலேயே தொழில் இழக்கச் செய்துவிடும். பெரிய நிறுவனம் ஒரு வாடிக்கையாளரை இழந்தால் மற்றொருவர் வருவார். நான்கு தெருக்களை நம்பி நடக்கும் கடைக்கு அது பொருந்தாது.

விளிக்கும் சொல்லிலும் இவ்விருநிலை தெரிகிறது. நேரில் 'ஆசாரி', 'பத்தர்' என்னும் மதிப்புச் சொற்களும், புறத்தே 'தட்டான்' என்னும் ஒருமைச் சொல்லும் வழங்குகின்றன. தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கில் நல்ல நேரம் பார்த்து, விளக்கேற்றி, வெற்றிலை பாக்கும் தட்சிணையும் வைத்து அழைக்கப்படுபவர் இவரே. பழமொழியால் கள்வனாக்கப்பட்டவரின் கையிலேயே திருமணத்தின் முதல் மங்கலச் செயல் ஒப்படைக்கப்படுகிறது. இம்முரண்பாடு தற்செயலானதன்று. ஐயத்திற்குரிய பொருளைக் கையாள்பவரிடம் முழு நம்பிக்கையை வைக்க வேண்டிய கட்டாயமே அதைச் சடங்காக்கியது எனலாம்.

5. சேதாரம் என்னும் சொல்

உருக்குதல், கம்பி இழுத்தல், அராவுதல், மெருகேற்றல் ஆகிய படிகளில் பொன் குறைவது இயற்கை. அக்குறைவுக்குச் சேதாரம் என்று பெயர். பழமொழியில் வரும் 'மா' என்பதைப் பின்ன அளவாகக் கொண்டால் அது இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 விழுக்காடு. தட்டான் தாயிடமும் எடுக்கும் அந்த மாப்பொன்னில் ஒரு பகுதி வேலையின் இயல்பான குறைவு. ஒரு பகுதி குறைந்த கூலிக்கு ஈடு. ஒரு பகுதி உண்மையான களவாகவும் இருந்திருக்கக்கூடும். இவற்றைப் பிரித்தறியும் வழி வாடிக்கையாளருக்கு இல்லாதபோது முழுவதும் களவு எனப் பெயர்பெற்றது.

இன்று பெருங்கடைகளின் விலைச்சீட்டில் சேதாரம் விழுக்காடாக அச்சிடப்படுகிறது. வேலைப்பாடு மிகுந்த நகைகளுக்கு அது 5 விழுக்காட்டை மிஞ்சுவது இயல்பு. எந்திரத்தால் வார்த்தும் அச்சிட்டும் செய்யப்படும் நகையில் துகள்கள் பெரும்பகுதி மீட்கப்படுகின்றன. ஆயினும் சீட்டிலுள்ள சேதாரம் குறைவதில்லை. அத்தொகை இழப்பின் அளவாக இல்லாமல் விலையின் ஒரு கூறாகிவிட்டது. இதனை எவரும் களவு என்பதில்லை. தள்ளுபடி கேட்பதோடு சரி. தனிப் பொற்கொல்லர் இழப்பை மில்லிகிராமில் கணக்குக் காட்டியும் ஐயத்திற்கு உள்ளாகிறார். நிறுவனம் விழுக்காட்டில் அறிவித்து ஐயத்திலிருந்து விடுபடுகிறது. சேதாரத்தின் நேர்மையை அளக்கும் அளவுகோல் அளவன்று, அதைக் கூறுபவரின் தகுதி என்றாகிவிடுகிறது. அரண்மனைக் கொல்லனின் சொல் சோதனையின்றி ஏற்கப்பட்டதும் இதே அடிப்படையில்தான் என்பது ஈண்டு ஒப்பிடத்தக்கது.

6. சட்டமும் முத்திரையும்

நவீன அரசும் இத்தொழிலை ஐயத்தின் வழியாகவே அணுகியது. 1962ஆம் ஆண்டின் சீனப் போரை அடுத்து, மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதுநகை செய்வது தடுக்கப்பட்டது. 22 காரட்டில், அதாவது 91.6 விழுக்காட்டுப் பொன்னில் பழகிய கைகளுக்கு 58 விழுக்காட்டுக் கலவை நிறத்தாலும் கடினத்தாலும் அயற்பொருளாயிற்று. நாடெங்கும் பொற்கொல்லர் வேலையிழந்தனர், தற்கொலைகளும் நிகழ்ந்தன. 14 காரட் தடை 1966இல் நீங்கியது. 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், சான்று பெறுதல், கணக்கு வைத்தல் முதலிய கட்டுப்பாடுகளுடன் 1990 வரை தொடர்ந்தது. கடத்தலைத் தடுக்க வந்த சட்டத்தின் சுமை உலைமுன் அமர்ந்தவரையும் அழுத்தியது. ஒருவர் செய்த குற்றத்திற்கு ஒரு தொழில் முழுவதும் விடைசொல்ல வேண்டியிருந்த பழைய முறை இங்குத் திரும்பக் காணப்படுகிறது.

தர முத்திரை இதனின்றும் வேறானது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்க நகைகளுக்கு 2000ஆம் ஆண்டில் தொடங்கிய முத்திரை முறை 2021 ஜூனில் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறிலக்க எழுத்தெண் அடையாளம் இல்லாத முத்திரை நகைகளை விற்பது தடுக்கப்பட்டது. வாங்குவோரின் மயக்கத்தை நீக்குவது என்னும் நோக்கில் இது மதுரைக் கடைவீதியின் கொடிகளுக்கு நிகரானது. செய்பவரையும் சோதிப்பவரையும் பிரிப்பதில் மதுரைக்காஞ்சி காட்டும் ஏற்பாட்டுக்கு நெருங்கியது. அவ்வகையில் இது வரவேற்கத்தக்கதே. காட்மியம் கலந்த பற்றாசினால் இணைக்கப்பட்ட 'கே.டி.எம்.' நகைகள் வழக்கிழந்ததும் நன்மையே. அப்புகையால் முதலில் நுரையீரல் கெட்டவர் ஊதுகுழல் பிடித்தவர்தாம்.

எனினும் இரு குறைகள் சுட்டத்தக்கன. முதலாவது, விலக்கின் வரம்பு. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரையுள்ள கடைகளுக்கு 2021இல் விலக்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டு நடுப்பகுதியில் ஒரு சவரன் 36,000 ரூபாயை ஒட்டி விற்றது. வரம்புத் தொகைக்கு ஏறத்தாழ 110 சவரன் விற்கலாம். 70,000 ரூபாய் விலையில் அதே தொகைக்கு 57 சவரன் மட்டுமே. வேலை கூடாமலே, விலையேற்றத்தால் மட்டும் சிறு கடை வரம்பைத் தாண்டிவிடக்கூடும். இரண்டாவது, முத்திரையின் உள்ளடக்கம். முன்னைய முத்திரையில் அமைவனத்தின் சின்னம், தூய்மை, சோதனை மையத்தின் குறி, விற்பனையாளரின் குறி என நான்கு இருந்தன. இப்போது சின்னம், தூய்மை, ஆறிலக்க அடையாளம் என மூன்று உள்ளன. இவ்விரு முறைகளிலும் நகையைச் செய்தவருக்கு இடமில்லை. பொன்னின் தரத்திற்குச் சான்று உண்டு; வேலையின் தரத்திற்குச் சான்று இல்லை.

சோதனைக் கருவிகளின் எல்லையும் நினைக்கத்தக்கது. ஊடுகதிரைக் கொண்டு நொடிகளில் தூய்மை காட்டும் கருவி நகையின் மேற்பரப்பையே அறிகிறது. உட்பகுதியை உறுதியாக அறிய, சிறிது பொன்னைச் சுரண்டி எடுத்து உலையிலிட்டுப் பிரித்தறியும் பழைய முறையே இன்றும் இறுதிச் சான்று. புறத்தைக் கண்டு அகத்தைத் தீர்மானிக்க முடியாது என்னும் சிலம்பின் பாடம் தொழில்நுட்பத்திலும் பொருந்துகிறது.

7. பெயர் பொறித்த கல்

செய்தவர் பெயர் மறைவது இக்காலத்தின் நிலை மட்டுமன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இராசராசன் அளித்த நகைகளை ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனக் குறித்து, உள்ளே இட்ட அரக்கின் எடையையும் விடாமல் பதிவுசெய்கின்றன. அளித்தவர் பெயர் உண்டு, எடை உண்டு. வனைந்த கையின் பெயர் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் சடாவர்மன் சுந்தரபாண்டியன் திருவரங்கக் கோயிலுக்குப் பொன்வேய்ந்து அதனால் பெயர்பெற்றான். அப்பொன்னைத் தகடாக்கியவர் பெயரை வரலாறு கேட்டுவைக்கவில்லை. கரூர் அருகே புகலூர்த் தமிழிக் கல்வெட்டில் கருவூர்ப் பொன்வாணிகன் நத்தியின் பெயர் நிலைத்தது; அவர் வணிகர்.

இவற்றுக்கு எதிராக ஒரு சிறு சான்று உள்ளது. தென் தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் கிடைத்த உரைகல்லில், கி.பி. 3-4ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழி எழுத்தில், அது பெரும்பதன் என்பவரின் கல் எனப் பொறிக்கப்பட்டுள்ளது. கடல்கடந்து சென்ற தொழிலாளி ஒருவர் தம் சோதனைக் கருவியில் தம் பெயரை எழுதிக்கொண்டுள்ளார். அணிகலனில் அவர் பெயர் இருந்திருக்க இடமில்லை; உரைகல்லில் இருந்தது. பிறர் பொன்னைச் சோதிக்கும் கல்லே அவருடைய நேர்மைக்கும் அடையாளம். பதன், பத்தன், பத்தர் என்னும் வடிவங்கள் ஒரே தொழிற்பட்டத்தைச் சுட்டுவனவாயின், வஞ்சிப்பத்தன் என்னும் கதைப்பெயருக்கு எதிரே வைக்கத்தக்க வரலாற்றுப் பெயர் இது. தமிழ்ச் சமூகம் கதைப்பெயரை நினைவில் வைத்தது; கல்லிலுள்ள பெயர் தொல்லியலாளர் எடுத்துக்காட்டும்வரை மண்ணில் கிடந்தது.

முடிவுரை

சிலப்பதிகாரம் ஒரு பொற்கொல்லனின் வஞ்சத்தைக் கூறுகிறது. பொற்கொல்லரின் வஞ்சத்தைக் கூறவில்லை. அவ்வொருமை பன்மையானது வெற்றிவேற்செழியனின் வேள்வியில். அவ்வேள்வியைக் காப்பியம் பதிவுசெய்கிறது. பாண்டியனின் இறுதிச் சொல்லோ அதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. இவ்விரண்டுள் எதனைக் காப்பியத்தின் குரலாகக் கொள்வது என்பது திறனாய்வாளரின் பொறுப்பு. அறத்தை அரசியல் பிழைத்தது என்பதே நூலின் மையமாயின், பழி இருக்க வேண்டிய இடம் அரியணையே, உலை அன்று.

பட்டறைத் தொழிலில் ஐயம் நீக்க முடியாதது. அதைத் தீர்க்கச் சமூகம் கண்டவை இரண்டு வழிகள். ஒன்று, பொருளைச் சோதித்தல்: உரைகல், எடை, முத்திரை. மற்றொன்று, ஆளைத் தண்டித்தல்: பழமொழி, பலி, குழுமேல் ஏற்றிய பழி. கே.கே. நகரின் ஓரறைக் கடையில் தராசை வாடிக்கையாளர் பக்கமாகத் திருப்பிவைக்கும் பொற்கொல்லர் முதல் வழியைச் சார்ந்தவர். அவர்மேல் இரண்டாம் வழியைத் தொடர்வதற்குச் சிலப்பதிகாரத்தைச் சான்றாக்குவது பனுவலுக்கும் பொருந்தாது, தொழிலுக்கும் பொருந்தாது. கொலைக்களக் காதையைக் கற்பிக்கும் வகுப்பறைகளில் ஆயிரவரைப் பற்றிய வினாவும் எழுப்பப்பட வேண்டும் என்பதே இவ்வாய்வின் பரிந்துரை.